கிழிந்த ஸ்பீக்கர் முன்னால் ஒரு நீதிபதி

பிரேக்கை அழுத்தி மிதித்தபடி உட்கார்ந்திருக்கிறார் லூஷியஸ் பெட்டிஃபோர்ட். இன்ஜின் ஓடவில்லை. கார் அவர் வீட்டு வாசலிலேயேதான் நிற்கிறது. இருந்தாலும் இரண்டு கையும் ஸ்டீரிங்கில், பார்வை நேரே தெருவில். கார் ஸ்பீக்கரில் ஓடுகிற பாட்டு வளைகிற இடத்தில் ஸ்டீரிங்கையும் கொஞ்சம் வளைப்பார். போன மாதம் ஒரு பாட்டுக்கு நடுவே கையை வெளியே நீட்டி இடது பக்கம் திரும்பப் போவதாகச் சைகை காட்டினார். பின்னால் வந்த ஐஸ்கிரீம் வண்டிக்காரன் அதை நம்பி நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். ஏன் இந்தக் கூத்து என்று கேட்டால் கோபம் வந்துவிடும். "ஜனங்க வண்டி ஓட்டிக்கிட்டேதானய்யா பாட்டு கேக்குது? நான் மட்டும் சோபாவுல சாஞ்சுக்கிட்டுக் கேட்டுத் தீர்ப்பு சொன்னா அது நியாயமா?"

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டதும் இது நடக்கும். டெட்ராய்ட்டில் எங்கள் பக்கத்தில் இப்போது டேப் மெஷின் வாங்கியவன் எல்லாம் ரெக்கார்டு கம்பெனி முதலாளி. ஹோபர்ட் டின்ஸ்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று வரை முடி வெட்டிக்கொண்டிருந்தவன். விரைவுச்சாலை போடுகிறோம் என்று அவன் கடை இருந்த தெருவையே நகராட்சி இடித்துப் போட்டது. கண்ணாடியையும் சுழல் நாற்காலியையும் விற்று ஒரு டேப் மெஷின் வாங்கினான். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் ஸ்டூடியோ. பாடுகிறவர்களைக் கழிப்பறைக்குள் நிறுத்தித்தான் பாடச் சொல்லுவான். ஓடு பதித்த சுவர், எதிரொலி நன்றாக வருமாம். யாருக்காவது அவசரம் என்றால் ரெக்கார்டிங் நிற்கும்.

டின்ஸ்லி ஒரு பாட்டைப் பதிவு செய்ததும் அதைச் சோதனைக்கு ஒரு இசைத்தட்டில் வெட்டி எடுத்துக்கொண்டு நேராக லூஷியஸிடம் ஓடி வருவான். ஏனென்றால் இந்தத் தெருவிலேயே, ஏன், இந்த ஊரிலேயே மிக மோசமான கார் ரேடியோ லூஷியஸுடையது. ஒரு முறை மீன் பிடிக்கப் போகிற அவசரத்தில் தூண்டில் கம்பை முன்சீட்டு வழியாகச் செருகினார். அது டாஷ்போர்டில் ஸ்பீக்கரைக் குத்திக் கிழித்துவிட்டது. கிழிசல் மேல் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரியை ஒட்டி வைத்திருக்கிறார். அந்தக் கரகரப்பைத் தாண்டி ஒரு பாட்டு பிழைத்து வந்தால் எந்த ரேடியோவிலும் பிழைத்துக்கொள்ளும் என்பது டின்ஸ்லியின் கணக்கு. அது பொய்க்கவும் இல்லை. லூஷியஸ் தலையாட்டிய இரண்டு பாட்டு ஊர் முழுக்க ஓடியது. அகலச் சாலைக்கு அந்தப் பக்கம், கறுப்பர்களான எங்களை வீடு வாங்கவே விடாத தெருக்களில்கூட, வெள்ளைக்காரப் பிள்ளைகள் காரில் அலறவிட்டுக்கொண்டு போகிறார்கள்.

இதில் என் வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். எதிர்த்த வீட்டில் ரேடியோ, டெலிவிஷன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். ராணுவத்தில் நாலு வருஷம் கம்பி இழுத்துக் கற்ற தொழில். என் கண்ணெதிரே ஒரு ஸ்பீக்கர் இப்படிச் சீரழிகிறது, அதை நான் தொடக்கூடாதாம்! இலவசமாகவே மாற்றித் தருகிறேன் என்று மூன்று முறை கேட்டுப் பார்த்தேன். "கிட்ட வந்தீன்னா கையை முறிச்சுடுவேன், கிராடி. நல்ல ரேடியோவுல எந்தக் கழுதை கத்தினாலும் நல்லாத்தான் இருக்கும்." எனக்கு அவர் அனுமதித்த ஒரே வேலை, அவர் வீட்டு ஜன்னல் மேடையில் இசைத்தட்டு சுழலும் மெஷினிலிருந்து அந்தப் பாழாய்ப்போன ஸ்பீக்கருக்குக் கம்பி இழுத்துக் கொடுத்தது.

பாட்டு முடிந்ததும் தீர்ப்பு வரும். எப்போதும் ஒரே தீர்ப்புதான்: "அடி பத்தல." டின்ஸ்லி போய் இன்னொரு மேளம் சேர்ப்பான். "இன்னும் பத்தல." நாலு பேரைக் கூட்டிவந்து கை தட்டச் சொல்லுவான். அதுவும் போதாமல் போன குளிர்காலத்தில் இரண்டு பேரைப் பலகை மேல் ஏறிக் குதிக்கவிட்டான். மேல்மாடியில் குடியிருப்பவர் போலீஸைக் கூப்பிட்டார். அந்தப் பாட்டுதான் பிய்த்துக்கொண்டு ஓடியது. இப்போது ஊரில் எல்லாக் கம்பெனிக்காரர்களும் பலகை தேடுகிறார்கள்.

அவருக்கு அடி ஏன் போதுவதில்லை என்பது எனக்குத் தெரியும். கார் தொழிற்சாலையில் தகட்டை அடித்து வளைக்கிற பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் பதினெட்டு வருஷமாக நிற்கிற மனிதர் அவர். அலபாமாவிலிருந்து வந்த மறுநாளே அங்கே போய் நின்றவர். அந்த இயந்திரம் அவர் காதில் மெல்லிய சத்தங்களை எல்லாம் தின்றுவிட்டது. இடி முழக்கம் மட்டும் பாக்கி. சர்ச்சில் போதகர் அடுத்த விஷயத்துக்குப் போன பிறகு இவருடைய "ஆமென்" வந்து சேரும். வீட்டில் மனைவி என்ன சொன்னாலும் தலையாட்டுவார். தங்கமான புருஷன் என்று தெருப் பெண்கள் பொறாமைப்படுவார்கள். பெண்கள் பாடிய பாட்டு இதுவரை ஒன்றுகூட அவரிடம் தேறியதில்லை. எனக்குத் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு நாள் தொழிற்சாலையில் சட்டையில் குத்திய வில்லை எண்ணாக இருக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் பெட்டிஃபோர்ட் ஐயாவாக இருக்கிறார். அதைக் கெடுக்க நான் யார்?

போன ஞாயிறு டின்ஸ்லி கொண்டுவந்த தட்டில் பாடியிருந்தது அவருடைய மனைவி அர்டெல்லா.

தெருவுக்கே தெரியும், லூஷியஸைத் தவிர. "பொண்டாட்டின்னு தெரிஞ்சா அண்ணன் தீர்ப்பு கோணிடும், யாரும் மூச்சு விடாதீங்க" என்று டின்ஸ்லி எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தான். அர்டெல்லா நகரத்து ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்க்கிறவர். சர்ச் பாடகர் வரிசையில் அவர் வாய் திறந்தால் குழந்தைகள் அழுகையை நிறுத்தும். முந்தின நாள் என் கடைக்கு வந்து இஸ்திரிப் பெட்டியின் வயரை மாற்றிக்கொண்டு போகும்போது சொன்னார்: "எனக்கு முப்பத்தெட்டு முடிஞ்சுடுச்சு, கிராடி. இந்த ரெக்கார்டு வெளிய வரலேன்னா சாகுற வரைக்கும் அடுத்தவன் படுத்த துணியத்தான் தேய்ச்சுக்கிட்டிருப்பேன்." லூஷியஸ் தலையாட்டினால்தான் அச்சடிப்பேன் என்று டின்ஸ்லி கறாராகச் சொல்லியிருந்தான். கூடவே ஒரு புத்திசாலித்தனமும் செய்திருந்தான். டெலிவிஷனில் கையுறை போட்டுக்கொண்டு பாடுகிற சீமாட்டிகள் மாதிரி மெல்லிசாக, மேல் ஸ்தாயியில் பாடச் சொல்லியிருந்தான். அப்போதுதான் எல்லா வீட்டிலும் வாங்குவார்களாம்.

ஊசியை வைத்தேன். லூஷியஸ் பிரேக்கை மிதித்தார். அர்டெல்லா உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தோடு வாசற்படியில் வந்து நின்றார். அந்தக் கிண்ணத்தில் கரண்டியைச் சுற்றிச் சுற்றிக் கிண்டிக்கொண்டே இருந்தார், உருளைக்கிழங்கு கூழாகிவிட்டது.

பாட்டு முடிந்தது. லூஷியஸ் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மேளம் பிரமாதம். பாட்டுக்காரி எங்க?"

"பாடினாங்களே அண்ணே" என்று உரக்கச் சொன்னான் டின்ஸ்லி.

"எங்கய்யா பாடினா? அடுப்புல எவளோ கெட்டில வெச்சுட்டு மறந்துபோன மாதிரி தூரத்துல ஒரு விசில். அவ்வளவுதான். இத அச்சடிக்காத, ஒருத்தனும் வாங்க மாட்டான்."

டின்ஸ்லி தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டு, "அண்ணே... அது நம்ம அர்டெல்லா அக்கா" என்று கத்தினான். லூஷியஸின் கை ஸ்டீரிங்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

அர்டெல்லா படியிறங்கி வந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. காரின் பக்கத்தில் நின்று, சாதாரணமாக, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில் சொன்னார்: "லூஷியஸ், உன் தொப்பி தீப்பிடிச்சு எரியுது."

லூஷியஸ் சாந்தமாகத் தலையாட்டினார்.

தெருவில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஐஸ்கிரீம் வண்டிக்காரன் குபீரென்று சிரித்தான். நானும் சிரித்தேன், மறைப்பானேன். அடுத்த நொடி அந்தச் சிரிப்பு எனக்கே கசந்துவிட்டது. ஏனென்றால் அர்டெல்லா சிரிக்கவில்லை.

இப்போது குரலை உயர்த்தினார். "நான் என்ன சொன்னேன், சொல்லு."

லூஷியஸ் மறுபடியும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், எத்தனை வருஷமாய்யா இப்படி? ராத்திரி சாப்பாட்டு மேசையில என் மனசுல இருக்கிறத எல்லாம் உன்கிட்டதானே கொட்டுறேன்! எங்கம்மா செத்தப்ப பேசினது, அந்த மூணாவது புள்ள தங்காமப் போனப்ப பேசினது, எதுக்குமே நீ சும்மாதான் தலையாட்டினியா?"

"உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான் ஆட்டினேன்" என்றார் லூஷியஸ், வழக்கமாகக் கத்துகிறவர், முதல் முறையாக மெதுவாக. "மூஞ்சி எல்லாம் சொல்லிடும்டி. காது போச்சுன்னு வேலையில தெரிஞ்சா நிறுத்திடுவான். உனக்குத் தெரிஞ்சா பேசுறதையே நிறுத்திடுவியோன்னு பயம்."

அர்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தார். கிண்ணத்தை என் கையில் திணித்தார். காரைச் சுற்றிப்போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்து, கதவை அறைந்து சாத்தினார். சாத்திய வேகத்தில் ஸ்பீக்கர் மேலிருந்த பிளாஸ்திரி பிய்ந்து விழுந்தது.

பிறகு பாடினார். அதே பாட்டுதான். ஆனால் கையுறை போட்ட சீமாட்டி எங்கேயோ போய்விட்டாள். சலவைக்கூடத்து ஆவியில் வெந்து, இத்தனை வருஷக் கோபத்தையும் சேர்த்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கிளம்பிய குரல். டாஷ்போர்டைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்துத் தாளம் போட்டார். மேளமும் வேண்டியிருக்கவில்லை, பலகையும் வேண்டியிருக்கவில்லை. அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. லூஷியஸ் தெருவைப் பார்க்கவில்லை. வண்டி ஓட்டுகிற பாவனையை எல்லாம் மறந்து, முழுதாக மனைவி பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

டின்ஸ்லி ஓடிப்போய் ஜன்னலுக்குள் தலையை விட்டான். "அக்கா! இதேதான்! இதே மாதிரி நாளைக்கே பாடுங்க, செவ்வாய்க்கிழமை அச்சுக்கு அனுப்பிடுறேன்!" அர்டெல்லா பாட்டை நிறுத்தாமலே, வருகிறேன் போ என்று அவனுக்குக் கையசைத்தார். டின்ஸ்லி டேப் மெஷினை எடு, மைக்கைக் கொண்டா, கம்பியை இழு என்று என்னைப் பார்த்துக் கூச்சல் போட்டான்.

ஆகஸ்டு மாதத்து மத்தியான வெயில், தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது. லூஷியஸ் டின்ஸ்லியின் தலையைப் பிடித்து வெளியே தள்ளினார். மனைவியின் மடியைத் தாண்டிச் சாய்ந்து அந்தப் பக்கத்துக் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றினார். பிறகு தன் பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றினார், அந்தப் பாட்டு வெளியே போகாதபடி.