அப்பாவுக்கு ஒரு நைட்டி

காலையில் முதல் வேலையாக அப்பாவின் புது வேட்டிக்கு இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்க நீடாமங்கலத்துக்கு பஸ் ஏறினேன்.

அண்ணியின் பூப்போட்ட நைட்டியில் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மிராசுதார் முன்னால் தோள்துண்டை இறக்க மாட்டேன் என்று அடிவாங்கியவர்.

“என்னண்ணே இது?”

“வேட்டி கட்டுனா வயலுக்குக் கெளம்பிடுறாரு. இதப் போட்டா வாசலத் தாண்ட மாட்டாருல்ல,” என்று அண்ணன் சிரித்தான்.

“நல்லாத்தானே நடக்குறாரு?”

“அதான் பிரச்சினையே.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. “கதவச் சாத்தும்மா, தெருவுல ஆளு போவுது,” என்றார்.

அப்பாவை உன்னோடு கூட்டிக்கொண்டு போ என்று இந்தப் பதிவுக்குக் கீழே கமெண்ட் எழுதுவீர்கள். மாட்டேன்.

அந்த வீடு அப்பா பெயரில் இருக்கிறது. வெளியே போகப்போவது அண்ணன்தான். அவனுக்கே இன்னும் சொல்லவில்லை.