நிலா எங்கே இருந்தால் என்ன

ஒருவர் விழ வேண்டும் என்று நான் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன். மனசுக்குள் சபித்ததைச் சொல்லவில்லை. கணினியில், சமன்பாடுகளோடு, தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்க.

அந்த ஒருவர் என் ஆய்வு நெறியாளர். புதுச்சேரியின் பழைய சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். யார் எதைச் சொல்லிக் குறைப்பட்டாலும் "பா க்ராவ்" என்பார். பிரெஞ்சில் பரவாயில்லை என்று அர்த்தம். அடுத்தவர் இழந்ததற்கு மட்டும்தான் அவர் வாயில் அது வரும்.

என் ஆய்வு செத்த செயற்கைக்கோள்களைப் பற்றியது. செல்போனில் வழி காட்டுகிற செயற்கைக்கோள்கள் வயதானதும், மிச்சமிருக்கும் எரிபொருளை வைத்து அவற்றைக் கொஞ்சம் மேலே ஏற்றி அங்கேயே விட்டுவிடுவார்கள். நாங்கள் அதைச் சுடுகாடு என்போம். ஆனால் இந்தச் சுடுகாட்டில் எதுவும் சும்மா கிடக்காது. நிலாவும் சூரியனும் விடாமல் இழுப்பதில், வட்டமாக இருந்த பாதை நூறு, இருநூறு வருஷத்தில் நீண்டு, ஒரு முனை தாழ்ந்து, வேலை செய்துகொண்டிருக்கும் கோள்களின் வழியில் குறுக்கே வரும். இன்னும் தாழ்ந்தால் காற்றில் உரசி எரிந்து விழும். சில பாதைகள் அப்படியே நிற்கும், சில விழும். தொடக்கத்தில் மயிரிழை மாற்றினாலும் முடிவு தலைகீழாகிவிடும்.

நான் கண்டது இதுதான்: கோளை விடுகிற தேதி முக்கியம். நிலாவின் பாதையும் சாய்ந்தபடி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அது அன்று எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே இடத்தில் விட்ட கோள் நிற்கவும் செய்யலாம், விழவும் செய்யலாம். நெறியாளரோ எல்லாக் கணக்கையும் ஒரே தேதியில் தொடங்கச் சொன்னார். அப்படிச் செய்தால் வேலை சீக்கிரம் முடியும், பலரும் செய்வதுதான்.

"நிலா எங்க இருந்தா என்னம்மா? இருநூறு வருஷத்துல எல்லாம் சரியாயிடும். பா க்ராவ்."

தேதியைப் பற்றி நான் எழுதிய அத்தியாயத்தை ஆய்வேட்டிலிருந்து அடித்தார். மீதியை எடுத்துக்கொண்டு வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனார். கட்டுரையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. கடைசியில், உதவிய மாணவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி. கேட்டதற்கு, "உனக்குப் பட்டம் வந்துடும்ல, பேரு எதுக்கு?" என்றார். மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவர் என் அப்பா. அந்தக் கட்டுரையில் என் பெயர் எங்கே இருக்கிறது, காட்டு என்று கேட்டார். தேடுவதுபோல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். அன்றே முடிவு செய்தேன், இந்த ஆளை விடக் கூடாது என்று.

வருஷங்கள் ஓடின. நான் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் ஆய்வும் செய்துவந்தேன். போன மாசி மாதம் ஓர் ஆய்விதழிலிருந்து மதிப்பீட்டுக்கு ஒரு கட்டுரை வந்தது. மதிப்பிடுவது யார் என்று எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். என்றைக்கும் விழாத சுடுகாட்டுப் பாதை கண்டுபிடித்திருப்பதாக எழுதியிருந்தது. எழுதியவர் அவர். கணக்கு முழுக்க ஒரே தேதி.

எழுதியவரைத் தெரிந்தால் மதிப்பீட்டாளர் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. நான் சொல்லவில்லை. இன்றும் அதற்கு வருத்தமில்லை. கைக்கு வந்த ஆளை யாராவது திருப்பி அனுப்புவார்களா?

மாசி மகத்தன்று ஊரே வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரி பார்க்கப் போனது. மகளைக் கூட்டிக்கொண்டு கணவரும் கிளம்பினார். நான் போகவில்லை. அவருடைய பாதையை வேறு தேதிகளில் ஓடவிட்டேன். விழுந்தது. இன்னொரு தேதி. அதுவும் விழுந்தது. எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

அத்தோடு, தவறு, நிராகரிக்கலாம் என்று இரண்டு வரி எழுதி அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு அது போதவில்லை. எங்கே தவறு, ஏன் தவறு, எந்தத் தேதிக்குப் பாதையின் தாழ்ந்த முனையை எந்தத் திசையில் வைத்தால் நிற்கும் என்று, அவர் அடித்த அத்தியாயம் மொத்தத்தையும் பக்கம் பக்கமாக எழுதினேன்.

கடற்கரையிலிருந்து காலெல்லாம் மணலோடு திரும்பிய கணவர் எட்டிப் பார்த்தார். அவருக்குச் சேதராப்பட்டில் ஃபேக்டரி வேலை. எரிச்சல்பட்டால் சுருக்கமாகத்தான் பேசுவார்.

"புடிக்காத ஆளுக்கு எதுக்கு இவ்ளோ எழுதுற?"

"படிச்சுட்டு அந்தாளு நொந்து போவணும்."

"எனக்கென்னமோ ட்யூசன் எடுக்குற மாரி இருக்கு."

எரிந்து விழுந்தேன். அனுப்பியும் விட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது எதிரே வந்தார் நெறியாளர். தலை முழுக்க நரைத்திருந்தது. முகத்தில் மாப்பிள்ளைக் களை.

"என்னம்மா, சௌக்கியமா? கடைசியா உருப்படியா ஒரு பேப்பர் வந்துச்சு. மொதல்ல கொஞ்சம் தப்பா இருந்தது. மதிப்பீடு பண்ணவன் எவனோ புட்டுப் புட்டு வச்சுட்டான். வெள்ளைக்காரனாதான் இருப்பான், அவ்ளோ சுத்தம். அவன் சொன்னபடியே மாத்திட்டேன்."

நான்தான் என்று சொல்ல முடியாது. சொன்னால் விதியை மீறியவள் நான்.

"நீயும் அந்த மாதிரி எழுதக் கத்துக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டுரையைத் திறந்தேன். மேலே அவர் பெயர். கடைசியில், பெயர் அறியாத மதிப்பீட்டாளருக்கு நன்றி. அந்தாள் மேல் வந்த ஆத்திரம் அப்படியே என் மேலும் திரும்பியது. அவருடைய புதுப் பாதையைக் கணினியில் ஏற்றினேன். தேதி மாற்றி மாற்றி, எந்தத் தேதியிலாவது விழுகிறதா என்று பார்த்தேன். ஒரே ஒரு தேதி கிடைத்தால் போதும், இந்த முறை என் பெயரைப் போட்டே எழுதி அவர் மானத்தை வாங்கிவிடுவேன். விழு, விழு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். திரையில் கோடு ஆடாமல் அசையாமல் இருநூறு வருஷத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

தட்டில் சோற்றோடு கணவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னும் வுழலியா?"

"வுழாது."

"அவ்ளோ நல்லாவா போட்டிருக்காரு?"

"அது நான் போட்டது" என்றேன்.