மேல் பாதைக்கு ஒரு பேண்ட்

கீழே விழுந்ததில் அவளுக்கு வெட்கமே இல்லை. மலைச் சைக்கிள் ஓட்டுகிற ஆள் விழாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் பேண்ட் கிழிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில் ஆரம்பித்து முழங்கால் வரைக்கும் வாயைப் பிளந்துகொண்டது. கூடச் சைக்கிள் ஓட்டிவந்த நர்ஸ் தன் மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி மலையிலிருந்து இறங்கி, கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, தலையைக் குனியாமல் வீடு வந்து சேர்ந்தாள். குனிந்திருந்தால் ஒருவேளை ஊர் அதோடு விட்டிருக்கும்.

அடுத்த ஞாயிறு காலை, சைக்கிள் குழு வழக்கம்போல் தண்ணீர்த் தொட்டி அருகே கூடியது. பாதை அங்கேதான் பிரியும். வலதுபக்கம் பாறையும் வேரும் முள்ளுமாக மலைமேல் ஏறிச் சுற்றி, மறுபடி அதே தொட்டிக்கு வந்து இறங்குகிற மேல் பாதை. இடதுபக்கம் வாய்க்கால் ரோடு. குழுத் தலைவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷன், யாருக்காவது டயர் வெடித்தால் முதலில் ஓடிவருகிறவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இனிமே லேடீஸ் எல்லாம் வாய்க்கால் ரோட்டுலயே போகட்டும். மேல் பாதைக்கு உங்க டிரஸ் தாங்காது. போன வாரம் என்னாச்சுன்னு பாத்தீங்கல்ல? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

‘உங்க நல்லதுக்குத்தான்’ என்று முடிகிற பேச்சு எதுவும் கேட்கிறவருக்கு நல்லதாக முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. வாய்க்கால் ரோடு உள்ளங்கை மாதிரி சமதளம். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்கு எதற்கு மலைச் சைக்கிள்?

பேண்ட் கிழிந்தவளைக் குழுவில் எல்லோரும் தார்ப்பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏற்றம் தொடங்கும் இடத்தில் இருக்கிற கொட்டகையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவள். நாற்பதைத் தாண்டியவள். யானைக்குட்டி அளவு தையல் மெஷினில் உட்கார்ந்து, மெழுகு பூசிய நூலில், பாயைப் புரட்டிப் புரட்டித் தைத்து அவள் தோள் இரண்டும் மரக்கட்டையாக இறுகியிருந்தன. வீடு ஏற்றத்தின் மேல் பாதியில். பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். பல வருஷம் நடந்தே ஏறியவளுக்கு, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் கணவர், சின்னக் கியர் இருந்தால் ஏறுவது சுலபம் என்று பழைய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். வேலைக்குப் போக வர என்று வாங்கியதுதான். ஒரு சாயங்காலம் வீட்டுத் தெருவில் திரும்பாமல், மேலே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று அப்படியே மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

மேலே ஒன்றும் இல்லை. பாறை இருந்தது, காற்று இருந்தது, இறக்கம் இருந்தது. அந்த இறக்கத்தில் பிரேக்கிலிருந்து விரலை எடுத்த நிமிஷத்தில், அடுப்பில் என்ன, துணி காய்ந்ததா, நாளைக்கு எத்தனை பாய் என்கிற எதுவும் தலைக்குள் இல்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள். சந்தோஷம் என்றால் இதுதானா என்று அவளுக்கே கொஞ்சம் கோபம்கூட வந்தது, இவ்வளவு நாள் யாரும் சொல்லவில்லையே என்று. அந்த இறக்கத்தைத்தான் தலைவர் இப்போது பூப்போல எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இது உனக்கு வேண்டாம் என்கிறார்.

கிழியாத பேண்ட் போட்டு வந்தால் விடுவீர்களா என்று அங்கேயே கேட்டாள். தலைவர் சிரித்தார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு வரட்டும், மேல் பாதையைச் சுற்றித் துணி கிழியாமல் தொட்டிக்கு வந்து சேர்ந்தால் எல்லாப் பெண்களும் மேலே போகட்டும், கிழிந்தால் வாய்க்கால் ரோடுதான் என்றார். சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது யார் என்பது அப்போது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

முதலில் நாத்தனாரிடம் போனாள். பெரிய துணிக்கடையில் பெண்கள் பிரிவில் வேலை பார்க்கிறவள் அவள். ‘விளையாட்டு உடைகள்’ என்று பலகை தொங்குகிற இடத்திலிருந்து ஒரு கை நிறைய எடுத்து மேஜையில் போட்டாள். எல்லாம் மினுமினுத்தன. ஒன்றில் பூ, ஒன்றில் பட்டாம்பூச்சி. அதில் ஒன்றை எடுத்துத் தார்ப்பாய் வெளிச்சத்தில் பிடித்தாள். அந்தப் பக்கம் இருந்த தன் விரல் ஐந்தும் தெரிந்தன. தொடைப் பக்கம் பை இருக்கிறதே என்று கையை விட்டாள். பைக்கு வாய் இருந்தது, வயிறு இல்லை.

நாத்தனார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணி, இது ஓட்டுறதுக்கு இல்ல. ஓட்டுற மாதிரி தெரியறதுக்கு.”

அந்த உண்மையைச் சொன்னதற்காகவே தார்ப்பாய்க்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இரண்டு பேரும் ஆண்கள் பிரிவுக்குப் போனார்கள். அங்கே எல்லாம் இருந்தது. கெட்டித் துணி, முழங்காலில் இரட்டை மடிப்பு, ஜிப் வைத்த நிஜமான பை. ஆனால் போட்டுப் பார்த்தால் இடுப்பில் ஒரு தலையணையைச் செருகலாம், தொடையிலோ மூச்சு முட்டியது. ஒரே மலை, ஒரே முள், ஒரே பாறை. துணிக்கு மட்டும் ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. ஜீன்ஸைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. நனைந்தால் ஈயம், மிதிக்கும்போது முழங்காலை மடிக்க விடாது.

தச்சுக்கிறேன் போ என்று வீட்டுக்கு வந்தாள். வேறு எதற்காக இந்தக் கை இருக்கிறது?

தார்ப்பாய் தைக்கிறவள் முதலில் எதை எடுப்பாள்? தார்ப்பாயைத்தான் எடுத்தாள். கொட்டகையில் மிஞ்சிய துண்டில் ஒரு பேண்ட். கழற்றி வைத்தால் அது தன்பாட்டுக்கு நின்றது. போட்டு நடந்தால் வீடு முழுக்க மொடமொடவென்று சத்தம். வேன் சாவியோடு உள்ளே வந்த கணவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏம்மா, இதுக்குள்ள நீதான் இருக்கியா, இல்ல லோடு இருக்கா?” என்றார். கோபம் வந்தாலும் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. ஒரே வாரத்தில் முழங்கால் மடிப்பில் அந்தத் துணி வெடித்தது. தடிமன் வேறு, பலம் வேறு. விறைத்த துணி மடிகிற இடத்தில் சாகும். இது தொழிலில் அவளுக்குத் தெரியாததல்ல, தன் உடம்பென்று வந்தபோது மறந்துபோயிற்று.

சரியான துணியை நாத்தனார்தான் கண்டுபிடித்தாள். மின்கம்பம் ஏறுகிறவர்களுக்குச் சீருடை தைக்க வருகிற துணி. நைலான் கலந்த, நெருக்கமான நெசவு. இழுத்தால் குறுக்கே கொஞ்சம் கொடுத்து, விட்டால் தன் இடத்துக்குத் திரும்பியது. தார்ப்பாய் அதை ஆணியால் கீறினாள், முள்ளில் மாட்டி இழுத்தாள், சிமென்ட் படியில் தேங்காய் துருவுகிற வேகத்தில் தேய்த்தாள், நனைத்துப் பிழிந்து எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்த்தாள். அப்புறம்தான் கத்தரியை எடுத்தாள். குனிந்து ஓட்டும்போது முதுகு தெரியாதபடி பின்பக்க இடுப்பை உயர்த்தினாள். முழங்காலிலும் இடுப்போரத்திலும் இரட்டைத் துணி. கணுக்காலைச் செயின் கடிக்காதபடி இறுக்கமான பட்டி. தொடையில் வாயும் வயிறும் உள்ள பை.

தைத்து முடித்ததும் அதற்குள் பழந்துணியைத் திணித்து, இரண்டு காலையும் கட்டி, கணவரின் வேனுக்குப் பின்னால் கயிற்றில் மாட்டிவிட்டாள். அவர் தெருக்கோடி வரை இழுத்துக்கொண்டு போனார். எதிர்வீட்டு அம்மா யாரோ மனுஷனை வேன் இழுத்துக்கொண்டு போகிறது என்று செருப்பை உதறிவிட்டுப் பின்னாலேயே ஓடினார். கிட்டே போய்ப் பார்த்து, அது வெறும் பேண்ட் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பேண்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தூசியைத் தட்டி மடித்து வைத்தாள்.

ஒரே ஒரு தப்பு செய்திருந்தாள். தார்ப்பாய்க் கொட்டகையில் எல்லோரும் சொல்வார்கள், நடு பலமாக இருந்தால் ஓரம் தானாக நிற்கும் என்று. லாரிப் பாய் கிழிவது நடுவில்தான், அதனால் நடுத்தையலை மடித்து, மேலே ஒரு பட்டி வைத்து, மறுபடி மடித்துத் தைப்பார்கள். அவள் கையும் யோசிக்காமல் அதையே செய்துவிட்டது. பேண்ட்டின் நடுவில், இரண்டு கால் சேருகிற இடத்தில், கயிறு கனத்துக்கு ஒரு தையல். சைக்கிள் பிரேக் வேலைக்காகக் கடையில் கிடந்தது. ஆகவே நின்று பார்த்தாள், குனிந்து பார்த்தாள், காலைத் தூக்கிப் பார்த்தாள். சீட்டில் உட்கார்ந்து மட்டும் பார்க்கவில்லை.

ஞாயிறு வந்தது. பெண்கள் தொட்டியருகே காத்திருக்க, சாட்சிக்குத் தலைவரே பின்னால் வருவதாக ஏற்பாடு. முதல் வளைவு தாண்டுவதற்குள் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சீட்டில் உட்கார்ந்தால் கத்திமேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. முன்னால் நகர்ந்தாள், பின்னால் நகர்ந்தாள். அந்தத் தையல் அவளை விடவில்லை. அவள் தைத்ததல்லவா, எப்படி விடும்? உரலில் தலையைக் கொடுத்தாயிற்று, உலக்கைக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது. எழுந்து நின்றாள். நின்றபடியே மிதித்தாள்.

பாதி ஏற்றத்தில் தலைவர் மூச்சிரைக்க, ஏன் உட்காரவே மாட்டேன் என்கிறாய் என்று கேட்டார். இப்படித்தான் பிடிக்கும் என்றாள். மலை முழுக்க நின்றுகொண்டே ஏறினாள், நின்றுகொண்டே இறங்கினாள். தொடை இரண்டும் தீயாக எரிந்தன. அதனால்தான் படிபடியாக இறங்குகிற ஒரு பாறையில் பெடலிலிருந்து கால் வழுக்கிற்று, போன தடவை விழுந்த அதே பாறை. சைக்கிள் ஒரு பக்கம் போக, அவள் இடுப்பு தரையில் மோத, சரளையில் சறுக்கி, முட்புதரில் போய் நின்றாள்.

பின்னால் தலைவர் அலறிக்கொண்டு வந்தார். அவள் எழுந்து, கையைப் பார்க்காமல் பேண்ட்டைப் பார்த்தாள். இடுப்போரத்தில் வெள்ளையாக ஒரு கீறல். விரலால் தடவினாள். ஓட்டை இல்லை, நூல்கூடப் பிரியவில்லை. சட்டைக் கை மேலே ஏறியிருந்ததால் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தொட்டியருகே வந்து இறங்கியதும் எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள். நர்ஸ் முழங்கையைத் துடைக்க, மற்ற பெண்கள் பேண்ட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது, ஒத்துக்கொண்டார். பிறகு தலையைச் சொறிந்தார். இது இவளுக்குச் சரி, மற்றவர்களிடம் இந்த மாதிரி பேண்ட் இல்லையே, எல்லோரும் முதலில் தைத்துக்கொள்ளட்டும், அதுவரைக்கும் வாய்க்கால் ரோட்டில் போகட்டும் என்றார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

தார்ப்பாய்க்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் அவர் போட்ட கணக்கைத்தான் அவள் தீர்த்துக்கொண்டிருந்தாள். இதைத் தீர்த்தால் இன்னொன்று போடுவார். கோபம் வந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

“சார், போன மழைல உங்க பேண்ட் பின்னாடி கிழிஞ்சுது. நாங்க எல்லாரும் பாத்தோம். சிரிச்சோம். அடுத்த வாரம் ஆம்பளைங்களை யாராவது வாய்க்கால் ரோட்டுக்கு அனுப்புனாங்களா?”

ஆண்கள் பக்கமிருந்து யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். தலைவர் காது சிவந்தது. தான் சொன்னது அதைப் பற்றி இல்லை, நாலு பேர் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டால் பெண்களுக்குத்தானே கஷ்டம் என்று இழுத்தார்.

“கிழியாத துணி நான் எனக்காகத் தச்சேன், விழுந்தா தோல் மிஞ்சட்டும்னு. யார்கிட்டயும் அனுமதி வாங்க இல்ல. எங்க துணி கிழிஞ்சா நாங்க தச்சுக்கறோம். கண்ணைத் திருப்பிக்கிறது உங்க வேலை.”

நர்ஸ் பஞ்சை மடித்துப் பையில் போட்டாள். அவள் போட்டிருந்தது அந்த மினுமினுப்புப் பேண்ட், தொடையில் பட்டாம்பூச்சியோடு. ஒரு முள் போதும் அதற்கு. சைக்கிளை வலதுபக்கம் திருப்பி ஏறி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அப்புறம் இன்னொருத்தி. கிழிந்தால் என்னிடம் வந்து நிற்காதீர்கள் என்றார் தலைவர். அதற்குப் பாதி பேர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தார்ப்பாய்க்குத் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இன்னொரு தடவை ஏறவேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. வீட்டுக்குப் போய் அந்தப் பாழாய்ப்போன நடுத்தையலைப் பிரித்துப் போட்டுவிட்டு, குப்புறப் படுத்துத் தூங்கியிருக்கலாம். சைக்கிளைத் தூக்கித் திருப்பி, கடைசி ஆளாக, நின்றபடியே மிதித்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள்.