ஆயிலியம் கழியும்வரை

கிளினிக் அட்டையில் செவ்வாய்க்கிழமையைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். நாற்பத்தொரு வாரம் நிறைகிறது, வலி தானாக வராவிட்டால் அன்று வார்டில் சேர வேண்டும், மருந்து வைத்து வலியைத் தூண்டுவோம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். என் மாமியார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "செவ்வாயும் புதனும் ஆயிலியம். வியாழக்கெழம மகம். வலிய வரவைக்கிறதுன்னு ஆயிருச்சு, நல்ல நாளாப் பாத்து வரவைப்போமே. மகத்துல பொறந்தா ராஜாவா இருப்பான்."

படிக்காதவர் பேச்சல்ல இது. மாத்தளையில் முப்பது வருடம் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பித்தவர். எங்கள் ஊர் பலாபத்வலயில் 'டீச்சர்' என்றால் அவர்தான். டொக்டரைவிட அம்மாவுக்குத் தெரியும் என்று என் கணவர் நம்பினார். நானும் செவ்வாய்க்கிழமை வார்டுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டேன். புதன்கிழமை பகல், "அசைவு கொறஞ்ச மாதிரி இருக்கு அத்தை" என்றேன். "தூங்குறான். நாளைக்குத்தான் போறோமே" என்றார். வாசலிலேயே மெயின் ரோட்டு. கை காட்டினால் த்ரீவீல் நிற்கும், கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. கை காட்டாத என்னையும் நான் மன்னிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை வலியைத் தூண்ட அவசியமே இருக்கவில்லை. இதயத் துடிப்பைக் கேட்டதும் நேரே ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். மகன் அழவில்லை. மூளைக்கு ஒட்சிசன் போதவில்லை என்றார்கள். இப்போது அவனுக்கு ஏழு வயது. கழுத்து நிற்காது, பேச்சும் இல்லை. ஜாதகம் மட்டும் அப்பழுக்கில்லாதது. வருகிறவர்களிடம் மாமியார் அதை விரித்துக் காட்டுவார். பேரனைக் காட்டமாட்டார்.

ஓய்வுபெற்ற பிறகும் முன்னறையில் டியூஷன் நடக்கிறது. போன வாரம் கருவளர்ச்சிப் பாடம். கருவில் கண்ணாகப் போகும் பகுதி வந்து தொட்டுத் தூண்டினால்தான், மேலே இருக்கும் தோல் கண்வில்லையாக மாறும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"பிந்தி வந்து தொட்டா, டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"மாறாது. அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு. அது தப்பினா பெறகு என்ன செஞ்சாலும் சரிவராது." கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார்.

உள்ளே மகனுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த எனக்கு அது கேட்டது. அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. கரண்டியை வைத்துவிட்டு, அவனுடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் அவர் மேசைக்கு முன்னால் நிறுத்தினேன்.

"இவனுக்கும் ஒருக்கா சொல்லிக் குடுங்க அத்தை."

பிள்ளைகள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவர் பாடப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார்.