நாலாம் மாடிக்கு மேலே இரண்டு வேண்டுதல்கள்

பௌத்த ஆண்டு 2566
ஜனவரி 14: மூன்று கோடியே எண்பது லட்சம் பாட்.
ஏப்ரல் 25: மூன்று கோடியே அறுபத்தைந்து லட்சம்.
ஆகஸ்ட் 6: மூன்றரைக் கோடி.
நவம்பர் 11: அவித்த முட்டை ஐம்பது, 250 பாட்.
நவம்பர் 12: அவித்த முட்டை ஐம்பது, 250 பாட்.

முதல் மூன்றும் ஆரி வட்டாரத்தில் எங்கள் சந்தில், என் வீட்டுக்கு எதிரே நிற்கும் நான்கு மாடி வீட்டின் விலைகள். வாசலில் தொங்கிய பலகையிலிருந்து எழுதிக்கொண்டேன். முட்டைகள் அதே வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் காவல் தெய்வத்துக்குப் படையலாகப் போனவை. வீட்டின் நிழல் அந்தச் சிறு கோயில்மேல் விழக் கூடாது என்பதால் அதை உச்சியில் வைத்திருந்தார்கள்.

நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை முட்டை பிரயோங்குடையது. வீடு கட்டி முடித்த ஆண்டே வேலைக்கு வந்தவள். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருந்த அறை அவளுக்கு. மூன்றாம் மாடியின் வெள்ளைக்கல் குளியல் தொட்டியைத் தினமும் துடைப்பாள். "இதுல மீன் விட்டிருந்தா இந்நேரம் சந்தைக்கே அனுப்பியிருக்கலாம்" என்பாள். மொட்டைமாடியை மட்டும் தன்னுடையதாகவே நினைத்திருந்தாள். வெளிநாட்டு மெத்தை நாற்காலிகளுக்கு நடுவே மிளகாய், துளசி, எலுமிச்சம்புல் எல்லாம் தொட்டிகளில் வளர்த்தாள். மாலையில் அங்கேதான் சாப்பாடு. சாப்பிட்டுக்கொண்டே ஊரை மேற்பார்வை பார்ப்பாள்.

"செக்ரட்டரி சார், உங்க தண்ணித் தொட்டி வழியுது! பக்கத்து வீட்டுல மறுபடி சண்டை!"

சந்துக் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். ஆனால் செய்தி அவளிடம்தான் முதலில் வரும்.

வீட்டுக்காரி சிரிலக் பல் மருத்துவர். முட்டிவலியால் மாடி ஏற முடியாமல் ஹுவா ஹின்னில் கடலோரம் ஒரு தரைத்தள வீடு பார்த்து வைத்திருந்தார். இது விற்றால்தான் அதை வாங்க முடியும். இது விற்றால் பிரயோங், பிச்சித் என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும்.

"அங்க காலையில கொசு, சாயங்காலம் என் தங்கச்சி. ரெண்டும் விடாம கடிக்கும்" என்று என்னிடம் சொன்னாள்.

நவம்பர் 12 காலை நான் என் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். முதல் நாள் மறந்துபோன கண்ணாடியை எடுக்க சிரிலக் எதிர்மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார். கோயில் முன்னால் பிரயோங் மண்டியிட்டிருந்தாள். சந்து குறுகல், ஒரு சொல்கூட எனக்குத் தப்பவில்லை.

"இது நேத்து நான் வச்ச முட்டையா? இன்னும் சூடா இருக்கே?"

"உங்க முட்டையை நேத்தே பைக் டாக்ஸிக்காரங்க தின்னுட்டாங்க, டாக்டரம்மா. இது என்னுது."

"உனக்கு என்ன வேண்டுதல்?"

பிரயோங் ஊதுவத்தியை நேராக்கினாள். "வீடு விக்கக் கூடாதுன்னு."

"எத்தனை மாசமா?"

"ஏப்ரல்லேர்ந்து."

"அடிப்பாவி! நான் விலையைக் குறைச்சுக்கிட்டே வர்றேன், நீ இங்க முட்டை அவிச்சுக்கிட்டிருக்கியா?"

"வீட்டைப் பளபளன்னுதானே வச்சிருக்கேன்? பாக்க வந்தவங்களுக்கெல்லாம் எலுமிச்சம்புல் தண்ணிகூடக் குடுத்தேன். அதுல குறை இருந்தா சொல்லுங்க. சாமிகிட்ட பேசுறது என் விஷயம்."

சிரிலக் மெத்தை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாவம்டி அந்தச் சாமி. சனிக்கிழமை என் முட்டை, ஞாயித்துக்கிழமை உன் முட்டை. யார் பேச்சைக் கேக்கும்?"

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே வேண்டுதலா மாத்திச் சொல்லிடுங்களேன்" என்றேன் நான்.

"ஒட்டுக் கேட்டது போதும், இங்க வாங்க. சாட்சி வேணும்!" என்றார் சிரிலக்.

போனேன். பிரயோங்கை வேலையில் வைத்துக்கொள்கிறவர் கையில் வீடு போக வேண்டும் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

"நடந்தா நூறு முட்டை" என்றார் சிரிலக்.

"அதோட நாம ரெண்டு பேரும் இங்கயே சாமி முன்னாடி ஆடணும்."

"எனக்கு முட்டிவலிடி."

"எனக்கும்தான். வலிக்காம ஆடினா சாமி மதிக்குமா?"

ஜனவரியில் தனவத், பிம்சிரி என்ற தம்பதி வந்தார்கள். மூன்று ரொட்டிக் கடைகளின் உரிமையாளர்கள். எல்லா மாடிகளையும் சுற்றிப் பார்த்தார்கள். மொட்டைமாடியில் பிம்சிரி ஒரு மிளகாயைக் கிள்ளிக் கடித்துவிட்டுக் கண்ணீர் விட்டார்.

"யாரு வளர்த்தது இதை?"

"நான்தான். கடிக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்."

விலை மூன்று கோடியே நாற்பது லட்சத்தில் முடிந்தது. பிரயோங்கைப் பற்றி சிரிலக் கேட்டதற்கு, "குடி வந்த பிறகு பாக்கலாம்" என்றார் தனவத். பிப்ரவரியில் பத்திரம் பதிவானது. பிரயோங் பையைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். ஹுவா ஹின்னிலிருந்து சிரிலக் தொலைபேசியில், "ஆட்டம் உண்டா, இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மார்ச் முதல் தேதி புதியவர்கள் குடி வந்தார்கள். வாசல் காவலரிடம் கொடுக்க, வீட்டில் வசிப்பவர்களின் பெயர்களை எழுதித் தரும்படி எல்லா வீடுகளையும் போல அவர்களையும் கேட்டேன். கடிதமாகவே கொடுத்தனுப்பினார்கள். தனவத், பிம்சிரி, மூன்றாவதாகப் பிரயோங். கீழே ஒரு வரி: "மொட்டைமாடி பிரயோங்கின் பொறுப்பு. டாக்டர் சொன்ன ஆட்டம் எந்தத் தேதி என்று எங்களுக்கும் சொல்லவும்."

எதிர்வீட்டு மாடிக்கு ஏறிப் பிரயோங்குக்கு வாசித்துக் காட்டினேன். அவள் என்னை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு தொலைபேசியை எடுத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"டாக்டரம்மா, முட்டிக்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பிங்க!"

கடிதம் என் கைக்கு வந்தது 2567 மார்ச் 9, சனிக்கிழமை.