பாலிஷ்காரரின் பக்கக் கம்பி

வெல்டிங் அக்காவுக்கு மறதி கிடையாது. அதை ஒரு குறையாக யாராவது சொன்னால், "எங்கயாவது மறந்து வச்சுட்டு வர்றதுக்கு அது என்ன குடையா?" என்று கேட்பாள்.

அவளுடைய பட்டறை வாசலில், பெயர்ப்பலகை இருக்க வேண்டிய இடத்தில் கோணிப்போன இரும்புக் கம்பி ஒன்று தொங்கியது. எதிர்ச்சாரியில் இருந்த பெரிய கடைக்காரர் காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நின்று பார்த்து, நகர்த்தி, மறுபடி நின்று பார்த்து மாட்டியிருந்தாள். அந்தக் கடைக்காரர் வேறு யாருமில்லை. அவள் கணவனின் கூடப்பிறந்த அண்ணன். பாலிஷ்காரர் என்பது டிரைவர்கள் வைத்த பெயர்.

மேட்டுப் பாதையில் ஏறும் ஜீப்புகளுக்குக் கதவின் கீழே ஒரு தகடு ஓடும். பாறை முதலில் கைவைப்பது அங்கேதான். அந்தத் தகடு உள்ளே போனால் கதவும் போயிற்று. அதைக் காப்பாற்றத்தான் பக்கக் கம்பி. பாலிஷ்காரர் விற்ற பக்கக் கம்பியில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி மின்னும். ஆனால் வண்டியின் முதுகெலும்பான சேசிஸில் அதை அவர் பூட்ட மாட்டார். எந்தத் தகட்டைக் காப்பாற்ற வேண்டுமோ அதே தகட்டில் நாலு போல்ட்டைப் போட்டு முடுக்கிவிடுவார். வேலை சுருக்க முடியும். வாங்க வந்தவர் முன்னால் ஆட்களை அதன்மேல் ஏறி நிற்கச் சொல்வார். "பாருங்க, அசையுதா?" அசையாதுதான். ஆள் ஏறி நிற்பது வேறு, வண்டியே அதன்மேல் உட்காருவது வேறு. இது தெரியாமலா அவர் கடை வைத்திருந்தார்? நன்றாகத் தெரியும்.

தம்பியின் ஜீப்புக்கும் அதையே மாட்டினார். ஆற்றோரப் பாறையில் ஜீப் சாய்ந்தபோது கம்பி மடங்கி, தகட்டையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. கதவு திறக்கவில்லை. தம்பியின் கால் பெடலுக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தகட்டை அறுத்துத்தான் எடுத்தார்கள். கால் பிழைத்தது, நொண்டலோடு. அன்று மடங்கிய கம்பிதான் பிறகு அக்காவின் பட்டறை வாசலில் தொங்கியது.

அதைக்கூட அக்கா எப்படியோ விழுங்கியிருப்பாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டிரைவர்கள் அத்தனை பேர் முன்னால் பாலிஷ்காரர் வாயைத் திறந்தாரே, அதுதான் தொண்டையில் நின்றது. "கம்பியில ஒரு குறையும் இல்லப்பா. ஓட்டினவன் தப்பு."

அதோடு ஜீப் ஸ்டாண்டில் அவள் கணவனின் சவாரி முறையை எடுத்துவிட்டார்கள். பாறையில் வண்டியை விட்டவன் என்று பெயர் வாங்கியவனை நம்பி யார் ஏறுவார்கள்? அவனோ எதைச் சொன்னாலும், "விடு, அண்ணன்தானே" என்பான். அந்த 'விடு'வைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதுவரை துணி தைத்துக்கொண்டிருந்தவள் அவள். தையல் மிஷினை மூடிவிட்டு, பக்கத்து ஊர்ப் பட்டறையில் போய் வெல்டிங் கற்றுக்கொண்டாள். திரும்பி வந்து அண்ணன் கடைக்கு நேர் எதிரே இடம் பிடித்தாள். அவள் செய்த பக்கக் கம்பி கறுப்பாக, அழகில்லாமல் இருக்கும். ஆனால் சேசிஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும், தகட்டைத் தொடாது. அதோடு ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தாள். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாறை புடைத்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்த வண்டியை அதன்மேல் ஏற்றி, ஒரு பக்கமாகச் சாய்த்து உட்காரவைப்பாள். முழு எடையும் கம்பியில் இருக்கும்போது கதவைத் திறந்து மூடிக் காட்டுவாள். பிறகு மறுபக்கம். கதவு திறந்தால்தான் சாவியைக் கொடுப்பாள். டிரைவர்கள் அதைக் கல் சோதனை என்றார்கள். பாலிஷ்காரர் கடை வண்டி எதுவும் அந்தப் பக்கம் போனதில்லை.

ஒரு நாள் வெயில் ஏறி, தெருவில் ஆள் நடமாட்டம் ஓய்ந்த நேரத்தில் அவரே ஒரு புது ஜீப்பை ஓட்டிக்கொண்டு அவள் பட்டறைக்குள் வந்துவிட்டார். இரண்டு பக்கமும் அவர் கடைக் கம்பிதான் மின்னியது.

"சும்மா பாக்கலாம்னு வந்தேன்மா" என்றார்.

"பாருங்க மாமா."

மேஜைமேல் மூன்று மாதிரிகள் இருந்தன. முதலாவது அவர் விற்பதைப் போன்றது, வந்தவர்களுக்குக் காட்டி ஏசுவதற்காகவே வைத்திருந்தாள். அதை அவர் பார்க்கவே இல்லை. இரண்டாவது தகட்டு விளிம்பில் கவ்வும் ரகம். தூக்கிப் பார்த்து வைத்துவிட்டார். மூன்றாவது, சேசிஸில் பூட்டும் கனமான சதுரக் குழாய். அதன் கால்களை விரலால் தட்டினார், பற்றவைத்த இடத்தைத் தடவினார். பொருள் தெரிந்தவர் தேர்ந்தெடுப்பதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"இது போடும்மா. வண்டி எனக்கில்ல, பொண்ணுக்கு. மேட்டுப் பாதையில ஓட்டியே தீருவேங்கறா."

தம்பிக்கு அது போதும், பெத்த பெண்ணுக்கு இது வேண்டும். கையில் இருந்த சுத்தியலை அக்கா மெதுவாகக் கீழே வைத்தாள். வைக்காவிட்டால் என்ன செய்திருப்பாளோ அவளுக்கே தெரியாது.

"போட்டுடலாம் மாமா."

"இன்னொண்ணு." குரல் தாழ்ந்தது. "மேல என் கம்பியையே மூடி மாதிரி வச்சுடு. வெளிய பாக்கறவனுக்கு என் கடை வேலையாத் தெரியணும்."

"அதுக்கென்ன. ஆனா கல் சோதனை பண்ணாம நான் சாவி தர்றதில்ல."

அவர் தயங்கியது ஒரு நொடிதான். அடுத்த நொடி அந்த முகத்தில் வியாபாரம் ஓடுவதை அவள் கண்ணால் பார்த்தாள். உள்ளே அவள் குழாய், வெளியே அவர் கம்பி. கல்லில் உட்கார்ந்து தாங்கினால் தாங்கியது யாருடையது என்று ஊர் சொல்லும்?

"தாராளமா பண்ணு. ஆளுங்கள நானே கூப்பிடறேன்" என்றார்.

அக்கா வேலையை முடித்தாள். இடப்பக்கம் மட்டும். ஓட்டுகிறவர் பக்கத்தில் கையே வைக்கவில்லை. அவர் கம்பி அவர் மாட்டியபடியே, தகட்டில் போல்ட் போட்டபடியே இருந்தது. சோதனை முடிந்து அவர் வாயாலேயே உண்மை வந்த பிறகு அந்தப் பக்கத்தையும் ஒழுங்காகச் செய்துகொடுப்பதாகத்தான் எண்ணம். அந்தப் பெண்மீது அவளுக்கு என்ன பகை?

சோதனை அன்று ஸ்டாண்டே திரண்டிருந்தது. பாலிஷ்காரர் சலவைச் சட்டையில் வந்து, ஜீப்பின் இரண்டு பக்கமும் ஒரு தட்டு தட்டிவிட்டு, "எங்க கடைக் கம்பி. நீங்களே பாருங்க" என்றார். குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

வழக்கமாக அக்காதான் ஓட்டுவாள். அன்றைக்குச் சாவியைக் கணவனிடம் நீட்டினாள்.

"இவனா?" என்றார் அண்ணன்.

"இவரேதான் மாமா. வேற யார் ஓட்டினாலும் தப்பு யாரோடதுன்னு தெரியாமப் போயிடும்."

அவன் ஏறுவதற்கு முன் பழக்கதோஷத்தில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், சுற்றி வந்து அந்தப் பக்கம் பார்த்தான். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். 'விடு' என்று சொல்லவில்லை.

இடப்பக்கம் கல்லில் உட்கார்ந்தது. கதவு திறந்தது, மூடியது. டிரைவர்கள் கைதட்டினார்கள். பாலிஷ்காரர் எல்லாருக்கும் சேர்த்துக் கும்பிடு போட்டார். ஜீப் திரும்பி, மறுபக்கத்தைக் கல்லுக்குக் கொடுத்து ஏறத் தொடங்கியது. அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"இந்தப் பக்கம் உங்க கம்பி மட்டுந்தான் மாமா. நான் தொடல."

அவர் ஓடிப்போய் பானெட்டில் அடித்தார்.

"நிறுத்து, நிறுத்து. போதும்."

"ஏன், அந்தப் பக்கமும் பாக்கலாமே" என்றார் ஸ்டாண்டின் மூத்த டிரைவர்.

"வேணாம்யா. நசுங்கிடும்."

"உங்க கம்பிதானே?"

"என் கம்பிதான்யா. அதனாலதான் சொல்றேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மூத்த டிரைவர் அக்காவின் பட்டறைப் பக்கம் திரும்பி, வாசலில் தொங்கிய கோணல் கம்பியைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். அக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருஷம் காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். போதும், இறங்கி வா என்று கணவனுக்குக் கைகாட்டினாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தான். நொண்டிக் காலை இடப்பக்கம் இழுத்து மடக்கிக்கொண்டான். பிறகு நல்ல காலால் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான்.

ஜீப் நிதானமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. மின்னிய கம்பி மடங்கியது, தகடு முறுமுறுவென்று உள்ளே போனது. அவன் கதவைத் தள்ளிப் பார்த்தான். திறக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டான்.

"அண்ணே" என்றான் சாவகாசமாக. "இன்னைக்கு ஓட்டினவன் தப்புதான்."