டேப் ரிக்கார்டரில் வந்த பதில்

சபையாரே, என் கையில் மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம் என்று போதகர் ஐயாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். ஆகவே சுற்றி வளைக்காமல் கஷ்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. கல்யாணமாகி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஓசூருக்கு வந்து எனக்கு மூன்று வருஷம். என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். நான் தினமும் ராயக்கோட்டை பஸ்ஸில் ஏறி, உத்தனப்பள்ளியைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுத்தேன்.

அந்த வகுப்பில் முனிரத்னா என்று ஒரு பிள்ளை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நோட்டில் முத்து முத்தாக எழுதுவாள். எழுப்பிக் கேள்வி கேட்டால் போதும், தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு வார்த்தை வராது. வாய்மொழித் தேர்வில் இரண்டு தடவையும் பூஜ்யம் போட்டேன். எங்கள் தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். வாயால் வாசித்துப் பதில் சொல்லாத பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு அனுப்புவதில்லை என்பது அவர் வைத்த சட்டம். "எழுத்தைப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக்கூட எழுதிரலாம்" என்பார்.

அவள் அப்பா வெங்கடப்பா கிரானைட் கல் அறுக்கிற இடத்தில் வேலை செய்தார். நான் வரச் சொன்னதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்.

"ஊட்ல லொடலொடன்னு வாசிக்குதுங்க டீச்சரம்மா. நீங்க சரியாக் கேக்கறதில்லையோ என்னவோ" என்றார். அப்புறம் மெதுவாக, "பெயிலுன்னா இப்பவே சொல்லிடுங்க. கெலமங்கலத்துல அவ அத்தைகூட பட்டுநூல் எடுக்க அனுப்பிடறேன். இன்னொரு வருசம் அதே கிளாசுல குந்த வெக்க நம்மளால ஆவாது" என்றார்.

பட்டுநூல் எடுக்கிற இடத்தை நான் பார்த்திருக்கிறேன். கொதிக்கிற தண்ணீரில் பட்டுப்புழுக் கூடு மிதக்கும். சின்னப் பெண் பிள்ளைகள் அதில் விரலை விட்டு நூல் முனையைத் தேடுவார்கள். விரல் எல்லாம் வெளுத்து ஊறிப்போய் இருக்கும். முனிரத்னாவின் கையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது லெந்து நோன்புக் காலம். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, அந்தப் பிள்ளையின் வாயைத் திறவும். உமக்கு இது ஒரு பெரிய காரியமா?" என்று சண்டை போட்டே கேட்டேன். ஐந்து வெள்ளிக்கிழமை போயிற்று. பிள்ளை வாயைத் திறக்கவில்லை. என் ஜெபம் கூரையைத் தாண்டவில்லையோ என்றுகூட நினைத்துவிட்டேன்.

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். "நீங்க சரியாக் கேக்கறதில்லை" என்று அந்த மனுஷர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்திருந்தது. என்னையா சொன்னீர், உம்ம மகள் லட்சணத்தை உம்ம காதாலேயே கேளும் என்று ஒரு வீம்பு. என் வீட்டுக்காரர் போனஸில் வாங்கிய டேப் ரிக்கார்டர் வீட்டில் இருந்தது. அவருடைய கிறிஸ்மஸ் பாட்டுக் கேசட்டின் மறுபக்கத்தை, அவரிடம் கேட்காமலேயே எடுத்துக்கொண்டேன். நாலு பேட்டரிக் கட்டை போட்டு, பள்ளிக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்து, முனிரத்னாவை நிறுத்தி, பத்துக் கேள்வி கேட்டுப் பதிவு செய்தேன். வழக்கம்போல ஒன்றுக்கும் பதில் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் அதைப் போட்டேன். என் வீட்டுக்காரர் முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மழைத்தண்ணி எங்க போய்ச் சேரும்? சொல்லு. சொல்லுட்டி! வாயில என்ன கொழுக்கட்டையா? நேத்துதானே நடத்துனேன்? ஏரிக்குப் போகும். சரி, அடுத்த கேள்வி."

ஐயோ, அது யார் குரல்! பொரி பொரிந்த மாதிரி ஓடுகிறது. கேள்வியும் நானே, திட்டும் நானே, பதிலும் நானே. நடுவில் மூச்சுவிடக்கூட இடம் இல்லை.

என் வீட்டுக்காரர் எச்சில் கையோடு எழுந்து வந்தார். "ஏளா, நிப்பாட்டு. ஒரு சின்னச் சத்தம் கேட்டுது பாரு. திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். 'கொழுக்கட்டையா' என்று நான் கத்துகிறதற்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, "ஏ..." என்று ஒரு குரல். அடுத்த கேள்வியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"அந்தப் பிள்ள பேச ஆரம்பிக்கி. நீதான் ஊடால விழுத" என்றார்.

நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். ஐந்து வாரமாக அந்தப் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிக் கேட்டேனே, அவள் திறந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். அடைக்க வேண்டியது என் வாய். ஆண்டவர் அதை மற்றவர்கள் மூலம் சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேனா? மல்லுக்கு நின்றிருப்பேன். என் குரலாலேயே எனக்குச் சொன்னார்.

திங்கட்கிழமை மறுபடி அவளை நிறுத்தினேன். சிவப்புப் பொத்தானை அழுத்தி, அதே கேள்வியைக் கேட்டேன். கேட்டுவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே திணித்தேன். 'ஆண்டவரே' என்று மனசுக்குள் மெல்லப் பத்துத் தரம் சொல்வது, அதுவரை பேசுவதில்லை என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்துப் பொருத்தனை. மூன்று, நான்கு... எனக்கு உயிர் போகிறது. ஏழாவது தரம் சொல்லும்போது அவள் வாய் திறந்தது.

"ஏரிக்கு டீச்சர். எங்க மாமா ஊரு பாரூரு. அங்க ஏரி ரொம்புச்சுன்னா கால்வாய்ல தண்ணி வுடுவாங்க. நெல்லுக்குப் போவும், கரும்புக்குப் போவும்..."

புத்தகத்தில் இரண்டு வரிதான் இருந்தது. அவள் ஒரு பக்கத்துக்குச் சொன்னாள். பிறகு பாடத்தையும் வாசித்தாள். எல்லாம் முடிந்தபின், "ஏன் கண்ணு இத்தனை நாள் சொல்லல?" என்று கேட்டேன்.

"மொதல்ல தெலுங்குலதான் வரும் டீச்சர். அத தமிழ்ல மாத்தறதுக்குள்ள நீங்க அடுத்த கேள்விக்குப் போயிடுவீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை பாருங்கள். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

இனிமேல்தான் எனக்குச் சோதனை. இரண்டாவது பதிவை மட்டும் போட்டுக் காட்டினால் என் மானம் தப்பும். முதல் பதிவை அழிக்க ஒரு நிமிஷம் போதும். விரலைப் பொத்தான்மேல்கூட வைத்துவிட்டேன். ஆனால் அதை அழித்தால், அந்தப் பிள்ளை இத்தனை நாள் சோம்பேறியாக இருந்து திடீரென்று திருந்தினாள் என்றுதானே ஆகும்? பழி அவள்மேல்தான் நிற்கும். ஆகவே பெரிய டீச்சர் அறையில், வெங்கடப்பாவையும் வைத்துக்கொண்டு, முதலில் என் லட்சணத்தைப் போட்டேன். அப்புறம் அவள் பேசியதைப் போட்டேன்.

பெரிய டீச்சர் மதிப்பெண் நோட்டை வாங்கி, முனிரத்னாவின் பூஜ்யங்களை அடித்தார். பிறகு, "இவள் பாஸ். சரி. இந்த மாதிரி இன்னும் எத்தனை பேருக்குப் பூஜ்யம் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

நாலு பேர். அந்த வாரமே நாலு பேரையும் டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார வைத்து, வாயைக் கட்டிக்கொண்டு மறுபடி தேர்வு வைத்தேன். மூன்று பேர் பதில் சொன்னார்கள். ஒரு பையனுக்கு நிஜமாகவே பாடம் தெரியவில்லை. அவனுக்கு அந்தக் கோடை விடுமுறையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

அன்றைக்குப் பெரிய டீச்சர் அறையில், வெங்கடப்பா என்னைக் குத்திக்காட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது பேசறத மட்டும் இன்னொரு வாட்டி போடுங்க டீச்சரம்மா" என்றார். மூன்று தடவை கேட்டார். "கெலமங்கலம் போவாது. படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அதன்பிறகு நான் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அந்தப் பத்து 'ஆண்டவரே' உண்டு. ஒவ்வொரு பருவத் தேர்விலும் முதலில் என் குரலைப் பதிவு செய்து கேட்பேன், பிறகுதான் பிள்ளைகளுக்கு மதிப்பெண். முனிரத்னா போன மாதம் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கிருஷ்ணகிரியில் வேலையாம். ஒரு மணி நேரம் பேசினாள், எனக்கு வாய் திறக்க இடமே கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். அந்தக் கேசட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

பதில் வரவில்லை என்று அழுகிறவர்கள் இங்கே எத்தனையோ பேர் இருப்பீர்கள். நானும் ஐந்து வெள்ளிக்கிழமை அழுதவள்தான். ஆண்டவரை நம்புங்கள். நம்முடைய கூப்பாட்டுக்கு அடியில் அவர் எப்போதோ பேசத் தொடங்கியிருப்பார்.

சாட்சி முடிந்ததும் ஜெபத்தையும் நானே நீளமாகப் பண்ணுவது வழக்கம். இன்றைக்கு வேண்டாம். எல்லாரும் மனசுக்குள் மெல்லப் பத்துத் தரம் அவரைக் கூப்பிட்டுவிட்டு, பேசாமல் இருப்போம். நானும் பேசாமல் இருக்கிறேன்.